சின்ன வயதுப் படங்களை மறுபடி பார்க்கும்போது: முதலில் பிரதியைச் சந்தேகப்படுங்கள்

சின்ன வயதில் விழுந்து விழுந்து பார்த்த தொடரை இருபது முப்பது வருடம் கழித்துப் போட்டுப் பார்க்கிறவர்கள், பத்தாவது நிமிடத்தில் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்: "அப்ப இருந்த மாதிரி இல்லையே." உடனே பழி வயதின் மேல் விழுகிறது. ரசனை மாறிவிட்டது, பொறுமை போய்விட்டது என்று. இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். இப்போது திரையில் ஓடுவது அன்று நீங்கள் பார்த்த அதே சரக்குதானா? பல நேரம் இல்லை. சட்டகம் வெட்டப்பட்டிருக்கும், வேகம் மாறியிருக்கும், குரல் வேறாக இருக்கும், சில தொடர்களில் பின்னணிப் பாட்டையே தூக்கிவிட்டு வேறு போட்டிருப்பார்கள். அதனால் முதலில் பிரதி, பிறகு டிவி, அதன்பின் ஒரே மூச்சில் எவ்வளவு பார்க்கிறோம் என்பது. இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தும் ஒட்டவில்லை என்றால், அப்போது வயதைக் குற்றம் சொல்லிக்கொள்ளலாம்.

டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். "முன்ன மாதிரி சிரிப்பு வரலை" என்று யாராவது சொன்னால், நீங்கள் பார்த்தது யார் எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1940 முதல் 1958 வரை எம்ஜிஎம் நிறுவனத்துக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் இயக்கியவை 114 குறும்படங்கள். 1961-62இல் ஜீன் டைட்ச் ப்ராக் நகரில் வைத்து எடுத்தவை 13. 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸின் குழுவிடமிருந்து வந்தவை 34. டிவி சேனல்கள் இந்த மூன்றையும் கலந்துகட்டி ஓட்டியதால், பார்த்த குழந்தைகளுக்கு எல்லாம் ஒன்றுதான். பெரியவர் கண்ணுக்கு வித்தியாசம் உடனே உறைக்கும். ஹன்னா-பார்பெரா படங்களில் ஸ்காட் பிராட்லியின் இசைக்குழு ஒவ்வொரு காலடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் தாளம் கொடுக்கும்; டாமின் அலறல்கூட சுருதியோடு விழும். டைட்ச் எடுத்தவற்றில் ஒலி காலி அறைக்குள் எதிரொலிப்பது மாதிரி இருக்கும், அசைவு வெடுக் வெடுக்கென்று வரும். சக் ஜோன்ஸின் டாமுக்குப் புருவம் தடிமன், ஜெர்ரிக்குக் காது பெரிது, இருவரும் அடிப்பதைவிட முகபாவம் காட்டுவது அதிகம். டாம் அண்ட் ஜெர்ரி வாங்கிய ஏழு ஆஸ்கர்களும் ஹன்னா-பார்பெரா காலத்தவை. நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது அவையாக இருந்தால், தலைப்பு அட்டையில் அந்த இரண்டு பெயர்கள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஆண்டு வரிசையில் தேடுகிறவர்கள் 1940களின் நடுப்பகுதியில் தொடங்குவது நல்லது. 1950களின் நடுவில் வந்த சில சினிமாஸ்கோப் அகலத்தில் எடுக்கப்பட்டவை; கோடுகள் தடித்து, பின்னணி எளிதாகி, படமே வேறு முகம் காட்டும்.

பெயர் சரியாக இருந்தாலும் உள்ளே கை வைத்திருப்பார்கள். இதே குறும்படங்களில், கால் மட்டும் தெரியும் அந்த வேலைக்காரப் பெண்மணியின் குரலைப் பின்னாளில் மாற்றிப் பதிந்த பிரதிகள் உண்டு. பிரிட்டனில் 2006இல் வந்த ஒரு புகாருக்குப் பிறகு புகைபிடிக்கும் காட்சிகளை வெட்டினார்கள். ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' 1982இல் வந்தபோது போலீஸார் கையில் துப்பாக்கி இருந்தது. 2002 பதிப்பில் அது வாக்கிடாக்கியாக மாறியது. பிறகு வந்த ப்ளூ-ரேயில் துப்பாக்கியே திரும்பிவிட்டது. 'ஸ்டார் வார்ஸ்' 1997இல் புதுக் காட்சிகளும் கணினி உருவங்களும் சேர்த்து வெளியானதிலிருந்து, கடைகளிலும் ஸ்ட்ரீமிங்கிலும் கிடைப்பவை பெரும்பாலும் மாற்றப்பட்ட வடிவங்களின் வாரிசுகள்தான். இதற்கு நேரெதிரும் நடக்கும். 1978 'சூப்பர்மேன்' படத்தை 1982இல் ஏபிசி சேனல் இரண்டு இரவுகளாக ஓட்டியபோது, தியேட்டரில் இல்லாத ஏராளமான காட்சிகளைச் சேர்த்திருந்தது. அதை டிவியில் பார்த்து வளர்ந்தவர் இன்று சாதாரணப் பதிப்பைப் பார்த்தால் "அந்த சீன் எங்கே போச்சு?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் நினைவு பொய் சொல்லவில்லை.

பாட்டு மாறிய தொடர்களைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். ஒளிபரப்புக்கு மட்டும் உரிமை வாங்கிய பாடல்களுக்கு, டிவிடிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். கட்ட மனமில்லாதவர்கள் பெயர் தெரியாத இசையை அங்கே வைத்துவிடுகிறார்கள். வானொலி நிலையத்தை வைத்து எடுத்த 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' இதில் நன்றாக அடிவாங்கிய தொடர். ஒரு காட்சி முன்பு கண்ணில் நீர் வரவைத்தது, இப்போது சப்பென்று இருக்கிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது அங்கே ஓடுவது பழைய பாட்டுதானா என்று.

பழைய ஜப்பானியக் கார்ட்டூன்களில் மின்னல், வெடிப்பு வரும் இடத்தில் மட்டும் படம் மங்கி, முந்தைய ஃப்ரேமின் நிழல் படிந்தது போல் தெரிந்தால் உங்கள் டிவியை நோண்ட வேண்டாம். 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான ஒரு போகிமான் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் ஜப்பான் முழுக்க நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதன்பின் அங்கே மின்னும் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முந்தைய அத்தியாயங்களையும் மறுவெளியீட்டில் மங்கலாக்கினார்கள்.

சட்டகமும் வேகமும்

இது அலுப்பான பகுதிதான். ஆனால் ஏமாற்றங்களில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பழைய டிவி 4-க்கு 3. இன்றைய டிவி 16-க்கு 9. பழைய தொடரைப் புதிய திரை நிறையக் காட்ட இரண்டு தவறான வழிகள் உண்டு. அகலத்தை மட்டும் இழுத்தால் எல்லோர் முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். வட்டமான கடிகாரம் முட்டையாகத் தெரிவதை வைத்து இதைப் பிடித்துவிடலாம். மேலும் கீழும் வெட்டினால் படத்தில் 25 சதவீதம் போய்விடும். இதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் உருவம் எதுவும் கோணலாகாது. தலைமுடி திரை விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தால், எழுத்து வரும் இடங்களில் மேல்வரி பாதி போயிருந்தால், வெட்டியிருக்கிறார்கள். 'சிம்ப்ஸன்ஸ்' 2019 நவம்பரில் டிஸ்னி ப்ளஸ்ஸில் இப்படி வெட்டுப்பட்டு வந்து, சட்டகத்தின் மேல்பகுதியில் இருந்த நகைச்சுவைகளே காணாமல் போயின. சத்தம் கிளம்பிய பிறகு 2020 மே மாதம் பழைய அளவையும் தேர்ந்தெடுக்க வழி கொடுத்தார்கள். அது தொடரின் விவரங்கள் பகுதிக்குள் ஒரு பொத்தானாகத்தான் வந்தது. தேடிப் போகாதவர்கள் வெட்டியதையே பார்க்க வாய்ப்புண்டு.

சினிமா விஷயத்தில் கதை தலைகீழ். 2.35 அகலத்தில் எடுத்த படத்தை 4-க்கு 3 டிவிக்காக நடுவில் நறுக்கி, பேசுகிறவர் பக்கம் சட்டகத்தை நகர்த்திக்கொண்டே போவார்கள். அதில் படத்தின் நாற்பது சதவீதத்துக்கு மேல் வெளியே போய்விடும். அப்படிப் பார்த்தவர் இன்று முழு அகலத்தில் பார்க்கும்போது, அறையில் மூன்றாவதாக ஒருவர் நிற்பதையே முதல்முறை கவனிப்பார். நகைச்சுவையில் இது பெரிய லாபம், ஏனென்றால் பின்னால் நிற்பவரின் முகத்தில்தான் பாதிச் சிரிப்பு. திகிலில் சில நேரம் நஷ்டம். சட்டகத்துக்கு வெளியே இருந்தது உள்ளே வந்துவிடுகிறது.

அடுத்தது வேகம். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் பின்பற்றிய பால் (PAL) முறை டிவி ஒளிபரப்பு 25. அந்த நாடுகளில் படத்தை அப்படியே ஒரு ஃப்ரேம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். குரலும் பாட்டும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறும். டிவியிலும் கேசட்டிலும் ஒரு பாட்டை நூறு தடவை கேட்டவர் காதில் அந்த ஏறிய சுருதிதான் பதிந்திருக்கும். இப்போது ப்ளூ-ரேயிலோ ஸ்ட்ரீமிங்கிலோ சரியான சுருதியில் கேட்டால் பாட்டு சோம்பலாக, கனமாகத் தோன்றும். "நம் வேகம் கூடிவிட்டது" என்று தத்துவம் பேச ஆரம்பிக்குமுன், பழைய டிவிடியின் நேரத்தையும் புதியதன் நேரத்தையும் வகுத்துப் பாருங்கள். 0.96 வந்தால் விஷயம் இதுதான். பழைய உணர்வே வேண்டுமென்றால் விஎல்சி பிளேயரில் வேகத்தை 1.04 ஆக்கி, ஒலி அமைப்புகளில் சுருதியைக் காப்பாற்றும் டைம்-ஸ்ட்ரெட்ச் வசதியை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கலாம். சரியானது எது என்ற வாதத்தில் இறங்க வேண்டாம். இயக்குநருக்குச் சரியானது 24. உங்கள் காதுக்குப் பழகியது 25.

தமிழ்க் குரல்

மொழிமாற்றத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதுதான் பெரிய இழப்பு. படம் கிடைக்கும், தமிழ் ஒலி கிடைக்காது. கிடைத்தாலும் வேறு நிறுவனம் புதிதாகச் செய்த டப்பிங்காக இருக்கும். முதல் வசனத்திலேயே ஆள் மாறியது தெரிந்துவிடும். ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ பார்ப்பது தவறில்லை. ஆனால் அதை மறுபார்வையாக எண்ணாமல் புதுப் படமாக எண்ணிப் பாருங்கள், ஏமாற்றம் குறையும். டப்பிங்கில் எழுதிச் சேர்த்த நையாண்டி வசனங்கள் மூலத்தில் இருக்காது. அந்தச் சிரிப்பு தமிழ் எழுத்தாளருடையது.

டிவியிலிருந்து பதிந்த தமிழ் ஒலி கையில் இருக்கிறது, நல்ல படம் வேறிடத்தில் இருக்கிறது என்றால் இரண்டையும் சேர்க்க முடியும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, தொடக்கத்தில் உதட்டசைவைப் பொருத்திவிட்டு அத்துடன் விடுவது. விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லிநொடி அளவில் முன்னும் பின்னும் நகர்த்தும். அதை வைத்துச் சரிசெய்தாலும் பத்து நிமிடத்தில் மறுபடி விலகும். காரணம் முன்பு சொன்ன வேகம்தான்: ஒலி 25-க்கு ஏற்றது, படம் 23.976 (24 ஃப்ரேம் படங்களுக்கு டிஜிட்டல் பிரதிகளில் வழக்கமான வேகம்). எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ஒலியின் வேகத்தை 0.95904 ஆகக் குறைத்து மறுபதிவு செய்தால் இரண்டின் நீளமும் ஒத்துவரும். சப்டைட்டிலுக்கு எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் நேரத்தை 25025/24000 என்று நீட்டச் சொன்னால் போதும். ஒலிக்கு அந்தக் குறுக்குவழி எடுபடாது. இதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் சேனல் ஓரிரு நொடிகளை விழுங்கியிருக்கும். அதனால் ஒலியை இடைவேளை இடங்களில் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தையும் தனித்தனியாகப் பொருத்த வேண்டும். கதவு அறையும் சத்தம், கைதட்டல், துப்பாக்கி வெடி ஆகியவைதான் நல்ல அடையாளங்கள். வசனத்தை வைத்துப் பொருத்தினால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் டப்பிங்கில் உதடு முதலிலேயே சரியாக ஒத்திருக்காது.

டிவியின் குற்றங்கள்

கடையிலிருந்து வந்த நிலையிலேயே விட்ட புது டிவியில் பழைய படம் நன்றாகத் தெரிய வழியில்லை. மூன்றை அணையுங்கள்.

அசைவை மழமழவென்று ஆக்கும் வசதி முதலில் போகட்டும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கின் பல மாடல்களில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் என்ற பெயரில் இருக்கும். 24 ஃப்ரேமுக்கு நடுவே டிவி தானாகப் படம் வரைந்து நிரப்புவதால் பெரிய படம்கூட சீரியல் மாதிரி ஆகிவிடும். கையால் வரைந்த கார்ட்டூனில் இது இன்னும் மோசம்: இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு ஓவியம் என்று வரைந்ததை இடையில் நிரப்பப் போய்க் கோடுகள் கலங்கும். அடுத்தது ஷார்ப்னெஸ். அதைக் கீழே இறக்குங்கள்; பழைய படங்களில் கோட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு வருவது இதனால்தான். மூன்றாவது, இரைச்சலை அகற்றும் வசதி. பிலிமின் மணல்மணலான துகளை அழிக்கிறேன் என்று முகத்தை மெழுகுப் பொம்மையாக்கிவிடும். 2019இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் உங்கள் டிவியில் இருந்தால் அந்த ஒரு தேர்வே இவற்றைச் சரிசெய்துவிடும்.

பெரிய திரையில் பழைய டிவி நிகழ்ச்சி கஞ்சியாகத் தெரிவதற்குக் கணக்கு இருக்கிறது. 21 அங்குலப் பழைய டிவியில் படத்தின் உயரம் சுமார் 12.5 அங்குலம். 55 அங்குலப் புது டிவியில் 27. அதே தூரத்தில் உட்கார்ந்தால் பழைய ஒளிபரப்பின் 576 கோடுகளை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். பழைய தர நிகழ்ச்சிக்கு உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரம் என்பது பழைய கணக்கு. 55 அங்குலத்துக்கு அது பதின்மூன்றரை அடி. அவ்வளவு இடம் இல்லையென்றால் மடிக்கணினியிலோ டேப்லெட்டிலோ பாருங்கள். பெரிய டிவியை விட்டுவிட்டுச் சின்னத் திரையில் பார்ப்பதா என்று முகம் சுளிக்க வேண்டாம், பத்து அங்குலத் திரையில் 1980களின் தொடர் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக இருக்கும்.

அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் படம் இன்டர்லேஸ் முறையில் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் பழைய டிவி முறை) இருக்கிறது. விஎல்சியில் வீடியோ பட்டியலில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டு, முறையாக 'யாடிஃப் 2எக்ஸ்' தேர்ந்தெடுங்கள். வெறும் யாடிஃப் நொடிக்கு 25 படம் கொடுக்கும், 2எக்ஸ் 50 கொடுக்கும். ஸ்டுடியோவில் வீடியோ கேமராவில் எடுத்த நாடகங்களும் குழந்தைகள் நிகழ்ச்சிகளும் அந்த 50-இல்தான் எடுக்கப்பட்டவை. அவற்றின் நேரடித்தன்மை, பக்கத்து அறையில் நடப்பது போன்ற உயிர்ப்பு, அதில்தான் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான கோப்புகளில் 25 மட்டும் மிஞ்சி, பாதி அசைவு தொலைந்திருக்கும். கோப்பே அப்படியென்றால் எந்த பிளேயராலும் மீட்க முடியாது.

செயற்கை நுண்ணறிவை வைத்து 4கே ஆக்கியதாகச் சொல்லும் பிரதிகளிடம் எச்சரிக்கை வேண்டும். தூரத்து முகங்களையும் சுவரில் உள்ள எழுத்துகளையும் நிறுத்திப் பாருங்கள். எழுத்து எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கலாக இருந்தால் அந்தக் கோப்பை விட்டு, மங்கலான அசலுக்கே போய்விடுங்கள்.

வீட்டில் பதிந்த கேசட் இருந்தால்

விளம்பரங்களோடு பதிந்த பழைய விஎச்எஸ் கேசட்டைவிட நல்ல பிரதி கிடையாது. படத்தின் தரத்துக்காகச் சொல்லவில்லை. அன்று ஒளிபரப்பானது வெட்டோடும் இடைவேளையோடும் அப்படியே அதில் இருக்கிறது.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போல் தெரிந்தால் பூஞ்சை. அதை விசிஆரில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியாக எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டாக இருந்தாலும் ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றுங்கள். பல வருடம் ஒரே நிலையில் கிடந்த நாடாவின் இறுக்கம் சீராகும். படத்தில் பட்டை பட்டையாக இரைச்சல் வந்தால் டிராக்கிங்கைத் திருகிச் சரிசெய்யுங்கள். நேர்க்கோடுகள் நெளிந்தால் வரிகளின் நேரத்தைச் சீராக்கும் டைம்பேஸ் கரெக்டர் என்ற கருவி தேவை. சில பழைய டிவிடி ரெக்கார்டர்களை நடுவில் இணைத்தாலே ஓரளவு நேராகிவிடும்.

பதிவை 720-க்கு 576 அளவில், இன்டர்லேஸை நீக்காமல், ஹஃப்ஒய்யூவி அல்லது எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத முறையில் எடுங்கள். ஹஃப்ஒய்யூவி என்றால் மணிக்கு முப்பது நாற்பது ஜிபி ஆகும். DV (டிஜிட்டல் வீடியோ) முறையில் எடுத்தால் 13 ஜிபி. இடம் இல்லாதவர்களுக்கு அதுவும் மோசமில்லை. நேரடியாக எம்பி4 ஆக்கிக் கொடுக்கும் மலிவான யுஎஸ்பி கருவிகள் இன்டர்லேஸைக் கன்னாபின்னாவென்று நீக்கிவிடுவதால், பிறகு திருத்த எதுவும் மிஞ்சாது. படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து ஆடும். அது பழுதல்ல, ஹெட் மாறும் இடம். பழைய டிவி அந்த ஓரத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளி மறைத்துவிடும். அந்த வரிகளைக் கறுப்பாக மூடினால் போதும். வெட்டி இழுத்தால் படத்தின் அளவே கோணலாகும். பார்ப்பதற்கான பிரதியைத் தனியாகச் செய்து, அசல் பதிவை இன்னொரு வட்டில் வைத்துவிடுங்கள். விளம்பரங்களை நீக்காதீர்கள். பத்து வருடம் கழித்து எல்லோரும் கேட்கப் போவது அந்த விளம்பரங்களைத்தான்.

எதில் தொடங்குவது, எவ்வளவு பார்ப்பது

மிகப் பிடித்ததில் தொடங்காதீர்கள். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருக்கும் ஒன்றை முதலில் போடுங்கள். கண்ணும் காதும் அந்தக் காலத்தின் நடைக்கு, நீளமான ஷாட்டுக்கு, வசனத்துக்கு நடுவே விடும் இடைவெளிக்குப் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தப் பழகும் நேரத்தின் எரிச்சல் உங்கள் செல்லப் படத்தின் தலையில் விழ வேண்டாம்.

தொடர்களில் முதல் அத்தியாயம் பெரும்பாலும் மோசமான வாசல். ஒத்திகை மாதிரி இருக்கும், பாத்திரங்கள் பின்னால் ஆகப்போவது போல் இன்னும் ஆகியிருக்க மாட்டார்கள். முதல் பருவத்தின் நடுவில் ஒன்றை எடுங்கள். வாரம் ஒன்றாக வந்த தொடரை ஒரே ராத்திரியில் எட்டு பார்த்தால், குற்றம் தொடருடையதாகத் தெரியும். ராமானந்த் சாகரின் ராமாயணம் 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கி ஞாயிறுதோறும் வந்தது, 78 அத்தியாயங்கள். ஒவ்வொருவரின் முகத்துக்கும் மூன்று முறை கேமரா போவதும், பாட்டுக்காகக் கதை நிற்பதும், ஏழு நாள் காத்திருந்தவனுக்காகச் செய்தது. 2020 மார்ச் ஊரடங்கில் மறுஒளிபரப்பு செய்தபோதுகூட காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்று இடைவெளி விட்டே போட்டார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தொடக்கப் பாட்டைத் தாண்டாமல் பாருங்கள். நினைவில் பாதி அந்தப் பாட்டில்தான் கட்டியிருக்கிறது. தானாக அடுத்த அத்தியாயம் ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள்.

நினைவு செய்யும் தில்லுமுல்லு

போடுவதற்கு முன் ஒரு தாளில் நாலைந்து வரி எழுதுங்கள்: முடிவு என்ன, நினைவில் உள்ள ஒரு வசனம், ஒரு நிறம், பயந்த இடம். பார்த்த பிறகு எழுதினால் பயன் இல்லை, ஏனென்றால் புதிதாகப் பார்த்தது பழைய நினைவின் மேல் எழுதிவிடும். எது எது என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ஒன்றிரண்டு படங்களை வேண்டுமென்றே பார்க்காமல் விட்டுவைப்பதையும் பரிந்துரைக்கலாம். கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும்.

பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், 1932இல் நூலாக வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையைப் படிக்கவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. புரியாத பகுதிகள் சொல்பவருக்குப் பழக்கமான பொருளாக மாறின. ஏழு வயதில் பார்த்த படத்துக்கும் இதுதான் நடக்கிறது. புரியாத காட்சிக்கு நீங்களே காரணம் கண்டுபிடித்து நிரப்பியிருப்பீர்கள். 1990களில் சின்பாத் என்ற நகைச்சுவை நடிகர் பூதமாக நடித்த 'ஷசாம்' என்ற படத்தைப் பார்த்ததாகப் பலர் அடித்துச் சொன்னார்கள். அப்படி ஒரு படமே இல்லை. 1996இல் கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் பூதமாக வந்த 'கசாம்' இருக்கிறது.

பெயர் தெரியாத படத்தைத் தேடுபவர்களுக்கு இதில் பாடம் உண்டு. கதைச் சுருக்கத்தை நம்பித் தேடாதீர்கள், அதில்தான் கலப்படம் அதிகம். நடிகர் யார் என்ற எண்ணத்தையும் ஓரமாக வையுங்கள். தேட வேண்டியது பொருள்கள்: சிவப்பு பலூன், உடைந்த பாலம், பேசும் கடிகாரம். பொம்மையா, வரைந்ததா, மனிதர்களா என்பது பெரும்பாலும் சரியாக நினைவிருக்கும். எந்த ஆண்டு என்பதைவிட எந்த வீட்டில், எந்த வகுப்பில் படித்தபோது என்பதை நம்பலாம். மூன்று வயதுக்கு முன் பார்த்ததாகத் தோன்றினால் ஆண்டைப் பின்னோக்கித் தள்ளாமல் முன்னோக்கி நகர்த்துங்கள். நினைவில் நிற்பது மறுஒளிபரப்பாகவே இருக்கும். மெட்டு மட்டும் தெரிந்தால் கூகுளில் முணுமுணுத்துத் தேடும் வசதி 2020 முதல் இருக்கிறது. பத்து பதினைந்து நொடி, சொற்கள் இல்லாமல் முணுமுணுத்தால் நன்றாக வேலை செய்யும்.

பயந்த காட்சியை மறுபடி எதிர்கொள்ள நினைப்பவர்கள் முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பயத்தில் பெரும்பகுதி சத்தத்தில்தான் இருக்கிறது. ஒலியில்லாமல் பார்த்தால் ரப்பர் முகமூடியின் தையல் தெரியும், புகை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பிறகு ஒலியோடு. அப்போதும் வயிறு பிசைந்தால் அந்தக் காட்சி உண்மையிலேயே நன்றாக எடுக்கப்பட்டது.

பிள்ளைகளுக்குக் காட்டும்போது

முன்கூட்டியே தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில் போதும். பெரியவர் மறந்துபோவது கதையை அல்ல, நிறத்தையும் உடலையும் கேலி செய்யும் காட்சிகளையும், பெண்ணை அறைந்ததும் கைதட்டல் வரும் இடங்களையும். டிஸ்னி ப்ளஸ் 'டம்போ', 'பீட்டர் பான்' போன்றவற்றின் தொடக்கத்தில் 2020இல் எச்சரிக்கை வாசகம் சேர்த்து, அடுத்த ஆண்டு ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான கணக்கிலிருந்து அவற்றை எடுத்தே விட்டது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்வதில்லை. அந்தக் காட்சி வரும்போது நிறுத்தி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தால் போதும். முன்கூட்டி நீண்ட முன்னுரை கொடுத்தால் பிள்ளை படத்துக்கு முன்பே எழுந்து போய்விடும்.

"இது எனக்கு ரொம்பப் பிடிச்ச படம்" என்று சொல்லித் தொடங்காதீர்கள். அதன்பின் அது படம் பார்ப்பதாக இருக்காது, உங்களைத் திருப்திப்படுத்தும் வேலையாகிவிடும். மூன்று படங்களில் ஒன்றாக வைத்து அவர்களையே எடுக்க விடுங்கள். ஏழு நிமிடக் குறும்படத்தில் தொடங்கி, அது எடுபட்டால் 22 நிமிட அத்தியாயம், அதற்குப் பிறகுதான் முழுநீளப் படம். சிரிப்பு வரும் இடத்துக்கு முன் அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. பக்கத்தில் உட்காராமல் பின்னால் உட்கார்ந்தால் அந்தத் தொல்லை இல்லை. இருபது நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, ஓரிரு வருடம் கழித்து மறுபடி அந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள்.